கைக்கு எட்டும் பீச் மரம்

குன்னூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பீச் மரம் இருந்தது. அதை யாரும் நட்டதில்லை. நான் கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த நாளில், என் தாயார் பழத்தைத் தின்றுவிட்டுச் சுவரோரம் எறிந்த கொட்டையொன்று முளைத்து மரமாயிற்று என்பது எங்கள் குடும்ப வரலாறு. மரம் 20 அடிக்குமேல் வளர்ந்தது. ஜனவரிக் கடைசியில், ஓர் இலைகூட இல்லாத கிளைகள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்போது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் பழம்? உச்சிக் கிளைகளிலிருந்த நல்ல பழங்களைக் குரங்குகளும் வௌவால்களும் தின்றன. நடுக்கிளைகளிலிருந்தவற்றைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கல்லெறிந்து பங்கிட்டுக்கொண்டார்கள். (அவர்களில் பெரும்பாலோர் என் மாணாக்கர்களே ஆனபடியால், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடுவது வழக்கம்.) கொட்டைக்கு உடையவரான என் தாயாருக்குக் கிடைத்தவை, தரையில் விழுந்து அடிபட்ட பழங்கள்தாம்.

பீச் மரத்துக்கு ஆயுள் குறைவு. மாவையும் பலாவையும்போல் அது பேரன் காலம் வரையில் நிற்பதில்லை. 15, 20 வருஷங்களுக்குமேல் நல்ல நிலையில் இருப்பது அரிது. எட்டு வருஷங்களுக்கு முன், நவம்பர் மாதத்து அடைமழையில் ஓரிரவு, எங்கள் மரம் கவட்டில் பிளந்து சமையலறை ஓட்டின்மேல் சாய்ந்தது. மறுநாள் காலையில் ஆட்களை வைத்து வெட்டி அடுக்கிக்கொண்டிருக்கையில் என் தாயார் வந்து நின்று பார்த்தார். அப்போது அவருக்கு வயது 70. "இனிமேல் நடுவதானால் என் கைக்கு எட்டுகிற மரமாகப் பார்த்து நடு, அப்பா. அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலித்துப் போயிற்று" என்றார்.

அவ்வொரு வார்த்தையை நிறைவேற்ற எனக்கு ஆறு வருஷங்களாயின. அதில் நான் செய்த தவறுகளை, சிறு தோட்டம் வைத்திருக்கும் நேயர்களாவது தவிர்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பீச்சுக்குத் தமிழில் 'குழிப்பேரி' என்று பெயர் உண்டு. நல்ல பெயர்தான், ஆனால் எங்கள் ஊர்க் கடைவீதியில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விளங்கிக்கொள்பவர் அரியர். ஆகவே பீச் என்றே சொல்லிப் போகிறேன்.

முதலில் ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனேன். எதுவென்று இங்கே சொல்ல வேண்டுவதில்லை. "குட்டை இனம், ஆறடிக்குமேல் போகாது" என்று சீட்டுக் கட்டிய ஓர் ஒட்டுச் செடியைக் கொடுத்தார்கள். இரண்டே வருஷங்களில் அது 9 அடி வளர்ந்து, ஓட்டுக்கூரையின் விளிம்பை எட்டிப் பார்த்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "உங்கள் மண் நல்ல மண்" என்று எனக்கே பாராட்டுக் கிடைத்தது!

உண்மைக் குட்டை இனத்தைக் கண்டுகொள்ள ஒரு சுலபமான பரீட்சை உண்டு. அதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. செடியின் உயரத்தைப் பார்த்துப் பயனில்லை. எந்த இனமும் சிறு வயதில் குட்டைதான். இளங்கிளை ஒன்றைப் பிடித்து, ஓர் இலை புறப்படும் கணுவுக்கும் அடுத்த இலையின் கணுவுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். சாதாரண பீச்சில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். பிறவிக் குட்டையிலோ ஒரு நெல்மணி நீளத்துக்குமேல் இராது. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, கிளையே கண்ணுக்குத் தெரியாதபடி மூடித் தொங்கும். அவ்வளவு நெருக்கமாகவே பூவும் பூக்கும். மரம் குட்டையேயொழியப் பழம் குட்டையன்று. வளர்ந்த மரத்துப் பழத்தின் அளவுக்கே பழுக்கும்.

இதன் காரணம் விந்தையானது. செடிகொடிகளின் தண்டை நீளச் செய்வது கிப்பரெல்லின் என்னும் ஊக்கிப் பொருள். இக்குட்டை மரங்களில் அப்பொருளுக்குக் குறைவில்லை. அதை ஏற்று உணர வேண்டிய அம்சந்தான் பழுதாகியிருக்கிறது என்று 2016-ல் ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டார்கள். பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டேயிருக்கிறது. பையன் காதில் மட்டும் விழவில்லை. எனக்குப் பழக்கமான நிலைமை! தாய் வழி, தந்தை வழி இரண்டிலிருந்தும் இக்குறை வந்து கூடினாலன்றி மரம் குட்டையாவதில்லை. ஆப்பிள் மரத்தை, குட்டையாக்கும் வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டியே சிறிதாக்கிவிடுகிறார்கள். பீச்சில் அந்த வித்தை அவ்வளவு திருப்தியாகப் பலிக்கவில்லை.

இத்தகைய மரங்களை முதலில் போற்றி வளர்த்தவர்கள் சீனர்கள். பீச்சின் தாயகமே சீனம். அதன் சாஸ்திரீயப் பெயர் பாரசீகத்தைச் சுட்டுவது, அது பாரசீகத்தின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதனால் நேர்ந்த பிழை. சீனத்தின் குன்மிங் நகரில் கிடைத்த பீச் கொட்டைகளின் கல்லுருவங்கள் 25 லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று 2015-ல் அறிவிக்கப்பட்டது. சீனர்களின் நீண்ட ஆயுட்கடவுள் கையில் பீச் பழத்தோடுதான் காட்சியளிப்பார். தொட்டியில் வளர்க்கும் குட்டைப் பீச்சுக்கு அவர்கள் அக்கடவுளின் பெயரையே வைத்து, 'ஷௌ சிங் தாவ்' என்கிறார்கள். நம் நாட்டுக்கும் பீச் அங்கிருந்தே வந்தது என்பதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. கனிஷ்க மன்னனிடம் பிணையாக அனுப்பப்பட்ட சீன ராஜகுமாரர்கள் பஞ்சாபில் தங்கியிருந்தபோது பீச்சையும் பேரியையும் கொண்டுவந்தார்கள் என்றும், அதனால் அங்குள்ளோர் பீச்சைச் 'சீனானி' என்றும் பேரியைச் 'சீனராஜபுத்திர' என்றும் வழங்கினர் என்றும், ஏழாம் நூற்றாண்டில் யாத்திரை வந்த ஹியூன் சாங் எழுதிவைத்திருக்கிறார்.

சீனத்திலிருந்து சென்ற குட்டை மரங்களைக் கொண்டு, கலிபோர்னியாவில் 1950-களிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கென்றே புதிய இனங்களை உண்டாக்கினார்கள். 'போனன்ஸா' என்பது அவற்றுள் முன்னோடி. மொடெஸ்டோ நகரில் ஃபுளாய்ட் ஸைகர் என்பவர் வாழ்நாள் முழுதும் இவ்வேலையிலேயே இருந்து, 'ஹனி பேப்' போன்ற இனங்களைத் தந்தார். அவர் 2020-ல் காலமானார். ஐந்தாறு அடிக்குமேல் போகாத, அரைப் பீப்பாயில் வளரத்தக்க மரங்கள் இவை.

இவற்றில் ஒன்று கிடைத்தால் என் தாயாரின் கோரிக்கை தீர்ந்தது என்றுதான் எண்ணினேன். இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை. பீச், கோடையிலேயே அடுத்த வருஷத்துப் பூமொட்டுக்களைக் கட்டிக்கொண்டு குளிர்காலத்தில் உறங்கிவிடுகிறது. விழிக்க வேண்டுமானால் போதுமான குளிரை அது அனுபவித்திருக்க வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று மரம் கணக்கு வைத்துக்கொள்கிறது என்றே சொல்லலாம். 'ஹனி பேப்' இனத்துக்கு 500 மணிக்குமேல் வேண்டும். குன்னூர் சுமார் 6,000 அடி உயரத்திலிருந்தாலும், பூமத்தியரேகைக்குப் பக்கத்துக் குளிர்தானே! இரவு நடுங்கினாலும் பகலில் வெயில் காய்கிறது. அத்தனை மணிகளை நம் மலை கொடுப்பதற்கில்லை.

குளிர்க் கணக்கின் கண்டிப்பை என் தங்கை நன்கறிவாள். அவள் திருச்சியில் இருக்கிறாள். ஒரு முறை வந்திருந்தபோது, தொட்டியில் நான் வைத்திருந்த ஒட்டுச் செடியொன்றை, எவ்வளவோ தடுத்தும் கேளாமல், ரெயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனாள். இரண்டு வருஷம் அது இலையும் தளிருமாகத் தழைத்தது. நித்தியம் தண்ணீர், மாதம் ஒரு முறை எரு, வெயிலுக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் என்று உபசாரத்துக்குக் குறைவில்லை. ஒரு பூக்கூட மலரவில்லை. பிறகு தொட்டியை மலைக்கே திருப்பி அனுப்பினாள். மறு ஜனவரியில் ஏழு பூப் பூத்தது. அவளுக்கு எழுதியபோது, "அதற்கும் பிறந்தகந்தான் பிடிக்கும்போலிருக்கிறது" என்று பதில் வந்தது. ஜாவாத் தீவின் மலைப்பகுதியில், பத்து என்னும் ஊரில், ஆப்பிள் மரங்களின் இலைகளைக் கையால் உருவிப்போட்டு, குளிரில்லாமலே மீண்டும் பூக்கச் செய்கிறார்கள். அவ்வூரும் மலையூர்தான். சமவெளியில் வாழும் தமிழ் நேயர்கள் பீச்சை ஆசைப்படாமல், தொட்டியில் எலுமிச்சையும் மாதுளையும் வைப்பதே உத்தமம்.

ஆகவே எனக்கு மிஞ்சிய வழி ஒன்றே. குறைந்த குளிரில் பூக்கும் சாதாரண இனத்தை எடுத்து, கைவேலையினால் குட்டையாக வைத்துக்கொள்வது. குறைந்த குளிர் இனங்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது அமெரிக்காவின் புளோரிடா ராஜ்யத்துச் சர்வகலாசாலைக்கு. உறைபனி அதிகமில்லாத அப்பிரதேசத்துக்காக 1950-களில் அங்கே ஆரம்பித்த முயற்சியால், 150 மணிக் குளிரே போதுமான 'புளோரிடா பிரின்ஸ்' போன்ற இனங்கள் பின்னாளில் கிடைத்தன. அவை லூதியானா விவசாயச் சர்வகலாசாலையின் மூலம் பஞ்சாப் சமவெளியில் பரவி, அங்கே ஏப்ரலிலேயே பழம் சந்தைக்கு வந்துவிடுகிறது. இங்கே குன்னூரில், சிம்ஸ் பூங்காவை அடுத்துள்ள சர்க்கார் பழப்பண்ணையைப் பார்த்தவர்களுக்கு, நீலகிரியில் பீச் நெடுநாளாகப் பழகிய மரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஏமாற்றிய மரத்தை நான் பிடுங்கி எறியவில்லை. அது குறைந்த குளிரில் பூக்கிற மரந்தான். உயரம் ஒன்றே குற்றம். ஒரு டிசம்பர் மாதம், இலையுதிர்ந்து உறங்கும் வேளையில், இடுப்பளவுக்கு வெட்டிவிட்டேன். வெட்டும்போது கை நடுங்கியது உண்மை. ஆனால் மூன்று மாதத்தில் வெட்டுவாய்க்குக் கீழே சுற்றிலும் தளிர் வெடித்தது. அவற்றில் நான்கு திசைக்கு நான்காக நல்ல கிளைகளை நிறுத்தி, மற்றவற்றைக் கிள்ளிவிட்டேன். நடுவெளி திறந்து, மரம் ஒரு கிண்ணத்தைப்போல் ஆயிற்று. புதிதாக நடுபவர்களுக்கு இந்த அவஸ்தை வேண்டாம். ஒரு வயது ஒட்டுச் செடியை நட்ட அன்றைக்கே முழங்காலளவில் நறுக்கிவிட்டால், கிளைகள் தாமாகவே தாழப் பிரியும். ஒட்டு மட்டும் மண்ணுக்குமேல் தெரிய வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஈரம் கட்டிய மண்ணில் பீச்சின் வேர் மூச்சடைத்துச் செத்துப்போகும். தொட்டியானால் வாய் இரண்டடி அகலம் வேண்டும். அடியில் துவாரங்கள் இருக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய இலை மூன்றும் கலந்து நிரப்பி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வேர் நுனிகளைக் கத்தரித்து மண்ணை மாற்ற வேண்டும்.

வருஷந்தோறும் கத்தரிப்பது ஏன் என்று கேட்கலாம். பீச், சென்ற வருஷம் வளர்ந்த கிளையில்தான் இந்த வருஷம் காய்க்கும். ஒரு முறை காய்த்த குச்சி மறுபடி காய்ப்பதில்லை. கத்தரிக்காமல் விட்டால் புதுக்கிளைகள் உச்சிக்கு உச்சி ஏறிக்கொண்டே போய், பழமும் வருஷத்துக்கு வருஷம் கையைவிட்டு விலகிக்கொண்டே போகும். எங்கள் பழைய மரத்தில் நேர்ந்தது இதுவே. டிசம்பரில் ஒரு பெருங்கத்தரிப்பும், பழம் ஓய்ந்தபின் நெட்டையாகக் கிளம்பும் தளிர்களைக் கிள்ளும் ஒரு சிறு கத்தரிப்பும் இருந்தால், மரம் ஏழடியைத் தாண்டாது.

இனிச் சொல்லப் போவதுதான் எங்கள் வீட்டில் கலகம் விளைத்த விஷயம். வெட்டிய இரண்டாம் வருஷம் மரம் அபரிமிதமாகப் பூத்தது. பீச் தன் மகரந்தத்தாலேயே கருத்தரிக்கும். துணை மரம் வேண்டுவதில்லை. பூத்ததெல்லாம் பிஞ்சாயிற்று. ஒரு சாண் குச்சியில் எட்டு, ஒன்பது! கொட்டைப்பாக்கு அளவு வந்ததும் முக்கால் பங்கைப் பறித்தெறிய வேண்டும் என்று நான் படித்திருந்தேன். கூடையை எடுத்துக்கொண்டு போனேன். என் தாயார் வந்து மரத்தை மறித்து நின்றுகொண்டார். "பூவையும் பிஞ்சையும் பறிக்கிற கை விளங்குமா? கொடுக்கிற மரத்தை வேண்டாமென்று சொல்ல நீ யார்?" என்றார். வீட்டில் சிறு குழந்தைகளும் அவர் பக்கமே சேர்ந்துகொண்டார்கள். நான் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மே மாதம் முந்நூறுக்குமேல் பழம். ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காயளவு. தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே சதை என்று ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. புளிப்போ சொல்லி முடியாது. பாரம் தாங்காமல், கிண்ணத்தின் நான்கு கிளைகளில் கிழக்குக் கிளை ஒரு நாள் மத்தியானம் சடாரென்று ஒடிந்து விழுந்தது. மறு வருஷமோ, களைத்த மரம் பத்துப் பூவோடு நின்றுவிட்டது. என் தாயார் ஒன்றும் பேசவில்லை. ஒடிந்த இடத்துக்குச் சாணியும் செம்மண்ணும் குழைத்துத் தாமே பூசினார்.

ஒரு பழம் இனிப்பாகத் திரளச் சுமார் 30, 40 இலைகள் உழைத்துச் சர்க்கரை சேர்க்க வேண்டும். இலைகள் அத்தனைதான், பங்காளிகள் பெருகினால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். ஆகையால் கொட்டை கெட்டிப்படுவதற்கு முன்பே, குச்சியில் ஆறு அங்குலத்துக்கு ஒரு பிஞ்சு என்று விட்டுவிட்டு மற்றவற்றைத் திருகி எடுத்துவிட வேண்டும். பிறவிக் குட்டை மரத்தில் அங்குலக் கணக்கு உதவாது. கணுக்கள் நெருங்கியிருப்பதால் இலைக்கணக்கே அங்கு சரி. இதையெல்லாம் நான் ஒரு நாள் மாலை, குடும்பக் கணக்கைப்போல் எடுத்துச் சொன்னேன். அதற்கடுத்த பருவத்தில் பிஞ்சு வந்தபோது என் தாயாரே முக்காலியைக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு குச்சியாகப் பிடித்து, எதை நிறுத்துவது என்று நெடுநேரம் பார்த்துப் பார்த்துத் திருகினார். பறித்த பிஞ்சுகளை எறியவில்லை. மடியில் கட்டிவந்து உப்பிலிட்டார். அந்த ஊறுகாய் நன்றாகவே இருந்தது.

பிஞ்சு குறைந்தபின் இன்னொரு வேலை உண்டு. மரம் குட்டையாக இருப்பதன் முழு லாபமும் இதில்தான் தெரியும். பழம் மெத்தென்று இளகத் தொடங்கும் சமயத்தில் பழ ஈ வந்து தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். பிளந்தால் உள்ளே புழு. மருந்தடிப்பதைவிட, ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பை கட்டுவது மேல். ஜப்பானில் ஒக்கயாமா ஜில்லாவின் பெயர்பெற்ற வெள்ளைப் பீச்சுகளெல்லாம் மரத்திலேயே காகிதப் பைக்குள் வளர்ந்தவையே. 20 அடி மரத்தில் இதை யார் செய்வது? ஏழடி மரத்தில், பழைய மல்வேஷ்டியைக் கிழித்துத் தைத்த சிறு பைகளை ஒரு பிற்பகலில் கட்டி முடித்துவிடலாம். ஈ மட்டுமா? அணிலும் ஏமாறுகிறது. புழு விழுந்து உதிர்ந்த பழங்களைத் தரையில் கிடக்கவிடாமல், அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்துவிட வேண்டும். இல்லாவிடில் அடுத்த தலைமுறை ஈக்களுக்கு நாமே சத்திரம் வைத்தவர்களாவோம்.

நோய்களில் இலைச்சுருட்டை ஒன்றுதான் என்னைப் பாடுபடுத்திற்று. இளந்தளிர்கள் சிவந்து, தடித்து, அப்பளம் பொரிந்ததுபோல் கொப்புளித்துச் சுருண்டுவிடும். இது ஒருவகைப் பூஞ்சையின் வேலை. சுருண்டபின் எதை அடித்தும் பயனில்லை. மொட்டு விரியுமுன்பே, டிசம்பர் கத்தரிப்பு முடிந்தவுடன், போர்டோக் கலவை தெளிக்க வேண்டும். மயில்துத்தம் 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம். இரண்டையும் அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியாகக் கரைத்து வடிகட்டி, பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தேய்த்த கத்தி ஒன்றைக் கலவையில் தோய்த்து எடுத்தால் அதில் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இக்கலவை பிறந்த கதை வேடிக்கையானது. பிரான்சில் போர்டோ நகரத்தையடுத்த திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாமலிருப்பதற்காகச் சாலையோரத்துக் கொடிகளில் இந்த நீலக் குழம்பைப் பூசிவந்தார்கள். அக்கொடிகளுக்கு மட்டும் நோய் வராததைக் கண்டு, 1880-களில் மில்லார்தே என்னும் பேராசிரியர் இதன் மருந்துக் குணத்தை நிரூபித்தார்.

சென்ற மே மாதம் எங்கள் மரத்தில் 52 பழங்கள் கனிந்தன. பெரியது ஒன்றைத் தராசில் வைத்தேன். 110 கிராம் இருந்தது. என் தாயாருக்கு இப்போது 78 வயது. காலையில் வெயிலேறுமுன் கொல்லைக்குப் போய், பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, வாசனை வந்ததை மட்டும் அவிழ்த்து, உள்ளங்கையில் தாங்கி இலேசாகத் திருகுவார். பழுத்த பழம் தானே கையில் வந்துவிடும். தின்றது நான்கோ ஐந்தோ இருக்கும். மற்றதில் பெரும்பங்கைத் தெருப்பிள்ளைகளுக்குச் சுவருக்குமேலாக அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னக் கூடாதென்று கண்டிப்பாக எச்சரித்தார். அது நியாயந்தான், பீச் வாதுமைக்கு நெருங்கிய உறவானாலும், அதன் பருப்பு வயிற்றுக்குள் போனால் சயனைடு விஷத்தை உண்டாக்கும். கொட்டைகளையெல்லாம் திருப்பித் தன்னிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

அவற்றை அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. மழைக்குப் பிறகு கொல்லைச் சுவரோரம் இரண்டு கன்றுகள் தலைகாட்டியிருக்கின்றன. கணுவுக்குக் கணு ஓர் அங்குலம் இருக்கிறது. டிசம்பர் வரட்டும் என்று கத்தரியைத் தீட்டி வைத்திருக்கிறேன்.